எதைத் தடுக்கும் ஊசி?

மிக்கேல் தெருவில் இன்றும் ஆக்னஸைக் ‘கத்திக்காரி’ என்றுதான் சொல்வார்கள். கரையில் உட்கார்ந்து மீன் வெட்டி விற்றவள் என்பதால் வந்த பெயர் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. மீன் வெட்டும் பெண்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர். வேறு யாருக்கும் அப்படி ஒரு பெயர் இல்லை. 1976-ஆம் ஆண்டு கோடையில், சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் கதவுக்குள் நின்று, தன் புருஷன் சிலுவையின் கையை அவள் வெட்டினாள். பெயர் அன்று வந்தது.

அடி அவளுக்குப் புதிதல்ல. தகப்பன் வள்ளத்தில் பாய் கட்டுகிறவன்; குடித்துவிட்டு வந்தால் ஈரக் கயிற்றால் அடிப்பான். ‘ஈரக் கயிறு’ என்று சேர்த்தேதான் அவள் சொல்வாள்; காய்ந்த கயிறு அவ்வளவு வலிக்காதாம். ஒருநாள் அவன் தாயை அடித்துக்கொண்டிருந்தபோது ஆக்னஸ் குறுக்கே புகுந்து அவன் கட்டைவிரலைக் கடித்தாள். நகம் கழன்று அவள் வாயிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும்போது அவன் கயிற்றைத் தொடவில்லை.

சிலுவை சங்கு குளிக்கிறவன். ஆழத்தில் இறங்கி இறங்கி அவனுக்கு ஒரு காது அடைத்துப்போனது. பாதிப் பேச்சுதான் கேட்கும் என்பதால், மீதிப் பாதியில் எல்லோரும் தன்னை ஏசுகிறார்கள் என்று அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் கை நீட்டிவிடுவான். ஆக்னஸும் திருப்பிக் கொடுப்பாள். அவர்கள் வீட்டில் முழுசாக இருந்த மண்பானை குறைவு.

இவர்களுக்கு ஜெரோம் என்று ஒரு மகன் இருந்தான். 1975-இல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொண்டையடைப்பான் நோயில் செத்துப்போனான். சாந்தமான சாவு அல்ல. மூச்சுக்காக அந்தப் பிள்ளை தன் கழுத்தைத் தானே பிறாண்டிக்கொண்டது. நகம் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது. கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஆக்னஸ். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்ததை அவள் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முத்தடுப்பு ஊசியை மூன்று தடவை போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அப்போது அவள் வயிற்றில் அடுத்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு மூன்று ஊசியும் போடுவேன் என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அவள் சொல்லிவிட்டாள். பிறந்த பெண்ணுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு இருந்தாலும் எல்லோரும் பேபி என்றே கூப்பிட்டார்கள்.

பேபி பிறந்த சமயத்தில்தான் சிலுவையின் தம்பி வளனுக்கு அந்தக் கொடுமை நடந்தது. வளன் கல்யாணமாகாதவன்; துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். வெளியூரில் கூலி வேலை இருக்கிறது என்று சொல்லி அவனையும் வேறு சிலரையும் ஒருவன் லாரியில் ஏற்றிக்கொண்டுபோனான். இறக்கிய இடம் ஒரு கருத்தடை முகாம். திமிறியவனை அடித்துப் படுக்கவைத்து அறுத்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். வளன் தெருவுக்கு வந்ததும் அந்த வாளியைக் கல்லால் நசுக்கிக் கடலில் எறிந்தான். அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் அதன்பிறகு வரவில்லை.

எனவே மிக்கேல் தெரு ஊசிக்குப் பயந்ததை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வருஷம் ரேடியோவைத் திறந்தாலே கருத்தடைக்கு இலக்கு, இலக்கு என்றுதான் பேச்சு. எமர்ஜென்சி; பத்திரிகை எதையும் எழுத முடியாத காலம். ஆகவே வாதம் முழுக்க மீன் ஏலக்கூடத்தில் நடந்தது.

வாதத்தைக் கிளப்பியது ஒரு துணி. குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட சுகாதாரத்துறை ஆள் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. ‘குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி முகாம்’ என்று அறிவிப்புத் துணியில் எழுதச் சொல்லியிருந்தார்கள். துணி போதவில்லை. எழுதியவர் சுருக்கி, ‘குழந்தைத் தடுப்பூசி முகாம்’ என்று எழுதி, குருசடி என்ற சிறு கோயிலுக்கும் ஏலக்கூடத்துக்கும் நடுவில் கட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் அதன் கீழே நின்றார்கள். வள்ள முதலாளி கிளாட்வின் துணியைக் காட்டிப் பேசினார்.

“ஏலே, நல்லாப் படிங்க. கொசுத் தடுப்பு மருந்துன்னா என்ன? கொசு வராம இருக்க. அம்மைத் தடுப்புன்னா? அம்ம வராம இருக்க. அப்ப கொழந்தத் தடுப்புன்னா என்னலே அர்த்தம்?”

அந்தக் கணக்கில் யாருக்கும் பிழை தெரியவில்லை.

ஆக்னஸ் மட்டும் கேட்டாள். “ஏன் அண்ணாச்சி, பால் குடிக்கிற புள்ளைக்கு எதுக்குக் கொழந்தத் தடுப்பு? அது என்ன நாளைக்கே பிரசவிக்கப் போவுதா?”

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வந்தது. கிளாட்வின் சிரிக்கவில்லை. “சின்னதுல போட்டாத்தான் பெருசானா புடிக்கும். வளன்கிட்ட கேளு, அவன் சொல்லுவான்.”

ஊசி போட வரவிருந்த கிருபாநிதியும் அன்று அங்கே இருந்தார். நாசரேத் ஊர்க்காரர். அந்தத் தெருவில் பல வருஷம் அம்மை குத்தியவர். ‘அம்மைகுத்து சார்’ என்றுதான் அவருக்குப் பெயர். விளக்கம் சொல்ல முன்வந்தவர், சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னார்.

“பயப்படாதீங்க அண்ணாச்சி. இது தொண்டை நோய்க்கு. மேல இருந்து எனக்கு டார்கெட் குடுத்திருக்காங்க. இந்தத் தெருவில பாதிப் புள்ளைங்களுக்காவது போட்டாகணும்.”

“டார்கெட்டா?” என்றான் வளன். ஏலக்கூடச் சுவரில் சாய்ந்து நின்றவன். “என்னைய ஏத்திட்டுப் போன லாரிக்காரனும் அதத்தான் சொன்னான்.”

பிறகு ஒருவரும் எதையும் கேட்கத் தயாராக இல்லை. திங்கட்கிழமை யாரும் பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூடாது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஆக்னஸ், “நான் கொண்டுபோவேன்” என்றாள். சிலுவை அவள் தலையைச் சுவரில் மோதினான். அவள் உலக்கையை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். மறுநாள் காலையில் அவன் நொண்டிக்கொண்டே வெளியே வந்து, அவளையும் பிள்ளையையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினான்.

வீட்டின் முன்பக்கம் மண்சுவர். பின்பக்கம் சமைக்கிற குசினிக்கு ஓலைத் தட்டிதான். ஆக்னஸ் மீன் வெட்டும் கத்தியால் தட்டியைக் கிழித்து, பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சண்டைக்காக அவள் கத்தி கொண்டுபோனாள் என்று பின்னால் பேசினார்கள். அப்படியல்ல. தட்டியைக் கிழித்த கத்தி கையிலேயே இருந்துவிட்டது.

பள்ளிக்கூட வராண்டாவில் கிருபாநிதி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லை, ஆண்கள்தான் வந்தார்கள். முதல் அடி வளனுடையது. வள்ளம் தள்ளும் சவளால் அடித்தான் என்று சொல்வதுண்டு. சவள் வராண்டாவுக்குள் சுழலாது. அடித்தது குட்டையான சுக்கான் பிடியால். கிருபாநிதி கையைத் தூக்கித் தடுத்தார். வலது முன்கை முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. மருந்து வைத்திருந்த ஐஸ் பிளாஸ்கை யாரோ உதைத்தார்கள். கண்ணாடியும் ஐஸ்கட்டியும் தரையெங்கும் சிதற, அதன்மேல் அவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஜீப் ஓட்டி வந்தவர் அவரை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக்னஸ் கத்தியை வீசிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். “வெலகுலே! யாரா இருந்தாலும் வெட்டுவேன்!” பிள்ளையோடு வந்தவளை அடிக்க அவர்கள் தயங்கிய நேரத்தில், கிருபாநிதியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பக்கத்துக் கிட்டங்கிக்குள் தள்ளிக் கதவை உள்ளே தாழிட்டாள்.

அழுகிய சங்குச் சதையின் நாற்றம் மண்டையைப் பிளந்தது. கதவில் கல் விழ ஆரம்பித்தது.

“ஊசி இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். “ஊசி டப்பா இடுப்புல இருக்கு. காலையில கொதிக்க வச்சதுதான். மருந்து ஒரு குப்பி பையில… உடையல. ஆனா கை போச்சும்மா.”

“எடது கை இருக்குல்லா?”

“உனக்குப் பயமா இல்லையாம்மா?”

ஆக்னஸ் ரவிக்கைக் கையைச் சுருட்டி, அம்மை குத்திய தழும்பைக் காட்டினாள். “இது நீங்க குத்துனதுதான் சார். எனக்கு ரெண்டு புள்ள பொறந்தாச்சு. குத்துங்க.”

அவர் பல்லால் குப்பியின் மூடியைக் கிழித்தார். மருந்தை ஏற்றியும், பழக்கமில்லாத இடது கையில் ஊசி நேராக நிற்கவில்லை. ஆக்னஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பேபியின் தொடையில் ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது.

அந்த வீறல், வெளியே கூட்டத்தில் நின்ற சிலுவையின் நல்ல காதில் விழுந்தது. அவன் கோடாலியால் கதவுப் பலகையைப் பிளந்து உள்ளே வந்தான். “எம்புள்ளய மலடாக்கிட்டியாளா!” என்று கோடாலியை ஓங்கினான். ஓங்கியது அவள்மேலா, கிருபாநிதிமேலா என்று அவனுக்கே கடைசிவரை சொல்லத் தெரியவில்லை. ஆக்னஸ் காத்திருக்கவில்லை. கத்தி அவன் முன்கையில் இறங்கி எலும்பில் முட்டி நின்றது. கோடாலி கீழே விழுந்தது. அதே சமயம் வெளியிலிருந்து வந்த ஒரு கல் அவள் வாயில் பட்டு, முன்பற்கள் இரண்டும் போயின. பிள்ளையின் தலைமேல் அவள் ரத்தம். சங்குக் குவியல்மேல் அவன் ரத்தம். சிலுவை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள்.

கீழே கிடந்த கிருபாநிதி அப்போது சொன்னார். “அம்மா, இது ஒண்ணு போதாது. அடுத்த மாசம் ஒண்ணு. அதுக்கு அடுத்த மாசம் ஒண்ணு. மூணும் போட்டாத்தான் கணக்கு.”

மறுநாள் போலீஸ் வந்தது. ஆண்களைத் தடியால் அடித்து லாரியில் ஏற்றப் பார்த்தார்கள். லாரியைக் கண்டதும் இளைஞர்கள் சிலர் கடலில் குதித்து நீந்திப் போய்விட்டார்கள். அடியைவிட லாரிக்குத்தான் அவர்கள் பயந்தார்கள். சிலுவை கட்டுப்போட்ட கையோடு ஜெயிலில் இருந்தான், வளனும் இருந்தான். கிருபாநிதியின் கை கோணலாகக் கூடியது. இலக்கை எட்டாததற்கு அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த மாதம் மிக்கேல் தெருவுக்கு நேராக அவர் காட்ட முடிந்த எண்ணிக்கை ஒன்று.

இரண்டாம் ஊசிக்கு யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள் என்பது ஆக்னஸுக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். குழாயடியில் பெண்கள் வழிமறித்தார்கள். “ஆம்பளைங்கள உள்ள தள்ளிட்டு எங்க போறளா, நாசரேத்தானப் பாக்கவா?” என்று ஒருத்தி முடியைப் பிடித்தாள். சேலை கிழிந்தது, யாரோ குடத்தால் முதுகில் இடித்தார்கள். பிள்ளையை மார்புக்குள் அமுக்கிக் குனிந்தபடியே அவள் நடந்தாள். அன்று திருப்பி அடிக்கவில்லை. கை இரண்டும் பிள்ளைமேல் இருந்தன. கிழிந்த சேலையோடு வரிசையில் நின்று பிள்ளைக்கு ஊசி போடவைத்துத் திரும்பினாள்.

மூன்றாம் ஊசிக்கு முன்னால் சிலுவை ஜாமீனில் வந்துவிட்டான். அவள் பிள்ளையோடு புறப்பட்டபோது, அவன் வாசலில் கிடந்த ஒரு கருங்கல்லை இடது கையில் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் பின்னால் நடந்தான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். நடையை நிறுத்தவில்லை.

குருசடியருகே கிளாட்வினின் ஆட்கள் நின்றார்கள்.

“ஏலே சிலுவ, யாருக்குலே அந்தக் கல்லு?”

“எனக்கே தெரியல,” என்றான் அவன். “வழிய விடு.”

விட்டார்கள். ஆஸ்பத்திரிப் படியில் அவன் வெயிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பிள்ளை வீறிட்டபோது எழுந்தான்; பிறகு மறுபடி உட்கார்ந்தான். ஆக்னஸ் வெளியே வந்து, “முடிஞ்சுது” என்றாள். கல்லைப் படியிலேயே வைத்துவிட்டு அவன் பிள்ளையை வாங்கிக்கொண்டான். வெட்டுப்பட்ட கையில் பலம் இல்லாததால் இடது தோளில் போட்டுக்கொண்டான். அந்தக் கை அவன் சாகும்வரை முழுதாக மடங்கவில்லை. சங்கு குளிப்பது அதோடு போயிற்று. ஆக்னஸ் மீன் விற்றுத்தான் அந்த வீடு ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் மறுபடி தொண்டையடைப்பான் வந்தது. மூன்று வீடுகள் தள்ளி ஒரு பிள்ளை செத்தது. பேபிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேபிக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தபோது, ஆக்னஸ் அந்தப் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நேராகக் கிளாட்வின் வீட்டு வாசலுக்குப் போனாள். அவர் அப்போது கிழவர், நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, நல்லாப் பாருங்க. பேபி பெத்தது. அந்த ஊசி எதத் தடுத்துச்சு?”

கிழவர் குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஒன் வாயத்தாம்ளா ஒண்ணும் தடுக்கல.”

ஆக்னஸ் பல் இல்லாத முன்வாய் தெரியச் சிரித்தாள். கிளாட்வின் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு நேர்வழி வளன் வீட்டு வாசல் வழியாகத்தான். வளன் அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பான், கல்யாணம் அமையாமலே போன தனி ஆள். ஆக்னஸ் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஏலக்கூடத்தைச் சுற்றி, கடற்கரை வழியாக வீடு திரும்பினாள்.