ஆடிக்கு முன்னால் காலியான வீடு

கோவை கணபதியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் எந்த பேக்கரியில் நின்று விசாரித்தாலும், டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் கதிரேசனுக்குப் போன் போட்டுவிடுவார். கதிரேசனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முன்பு ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். கம்பெனி மூடியபோது, கூட வேலை பார்த்தவர்களுக்கு வாடகை குறைந்த வீடுகளாகப் பார்த்துக் கொடுக்கப் போய் அதுவே பிழைப்பாகிவிட்டது. ஆபீஸ் கிடையாது. ஒரு பழைய மொபெட்டும் ஒரு சாவிக்கொத்தும்தான். வீடு அமைந்தால் குடிவருகிறவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்க வேண்டும்.

கமிஷன் இல்லாமலும் அவர் நிறையச் சொல்வார். வாடகை வரும் என்று நம்பி லோன் போட்டு மாடி கட்டாதீர்கள் என்பார். தண்ணீர் எப்படி வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்பார். ஊரில் தொழில் படுத்த பிறகு வீட்டுக்காரர்களிடம் அவர் அதிகம் சொன்னது ஒன்றுதான். நல்ல ஆள் குடியிருந்தால் இரண்டாயிரம் குறைத்தாவது இருக்க வையுங்கள், காலி வீடு ஆளையே தின்றுவிடும். பட்டறைகளுக்கு ஆர்டர் பாதியாகி, வடக்கத்திப் பையன்கள் ரயிலேறிப் போய், தெருவுக்கு நாலு கேட்டில் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கேட்டு நடந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு இன்னொரு திறமையும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம், குடியிருப்பவரைப் பார்த்து வீட்டைக் காலி செய் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. ஒரு காரணம் வேண்டும். மகளுக்குப் பிரசவம், மகன் ஊருக்கே வருகிறான், மேல்தளம் ஒழுகுகிறது, இப்படி ஏதாவது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அவர் இரண்டு மாதம் டைம் கேட்பார், இவர் மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், போகிற வீட்டில் பால் காய்ச்சும்போது இவரையும் அழைப்பார்கள். யாருக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதில் கதிரேசனை அடிக்க ஆளில்லை.

அப்படிச் சொன்ன காரணம் ஒன்றுதான் போன வருஷம் அவரைச் சோறு தின்ன விடாமல் செய்தது.

முத்தாத்தாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன் அருண்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். கீழே அவள் இருக்க, மாடி வீட்டில் ஆறுச்சாமி குடும்பம் பல வருஷமாகக் குடியிருந்தது. ஆறுச்சாமி அதே தெருக் கடைசியில் இருக்கும் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவன் மனைவி அன்புச்செல்வி மாடி வராந்தாவில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். தெருப் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் கொடுப்பார்கள். கதிரேசனின் மனைவி கீதாவும்தான். மகள் யுவஸ்ரீ நடந்துபோகும் தூரத்துப் பள்ளியில் பிளஸ் டூ.

வைகாசியில் ஆறுச்சாமி கீழே இறங்கி வந்து, பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, ஆர்டர் வரும்வரை வாடகையில் ஆயிரத்தைந்நூறு குறைக்க முடியுமா என்று வாசற்படிக்கு வெளியே நின்றே கேட்டான். முத்தாத்தாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு கதிரேசனைக் கூப்பிட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னதுதானே. ஆனால் அந்த மாதம் அவர் கையால் ஒரு வீடுகூட மாறவில்லை. சரவணம்பட்டி பேங்க் ஒன்றுக்கு மாற்றலாகி வருகிற ஒருவர் மாடி வீடு கேட்டு வைத்திருந்தார்.

“கொறைச்சா மறுக்கா ஏத்த முடியாதுங்கக்கா. இதே வாடகைக்கு நான் ஆளு புடிச்சுத் தாரேன். அருண் ஊருக்கே வந்து ஊட்டுலிருந்து வேலை பாக்கறதாச் சொல்லிப்போடுங்க.”

“அவன் வரமாட்டான்னு எனக்கே தெரியுமேப்பா.”

“அவங்களுக்கும்தான் தெரியும். ரெண்டு மாசம் கேப்பாங்க. குடுத்துப்போடுங்க.”

முத்தாத்தாள் சொன்னாள். கதிரேசனின் கணக்கு அங்கேதான் தப்பியது. அவர்கள் அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அருண் லீவில் வரும்போதெல்லாம் யுவஸ்ரீக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். அவன் வருகிறான் என்றதும் அந்த வீட்டில் சந்தோஷம்தான் பட்டார்கள். அப்புறம் காலண்டரைப் பார்த்தார்கள். ஆனி நடந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். நாம் இரண்டு மாதம் இழுத்தால் அந்தப் பையன் ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். நம்மால் அவனுக்கு எதற்குச் சங்கடம் என்று கிடைத்த வீட்டைப் பிடித்து, ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். கிடைத்தது தொலைவில், சத்தி ரோட்டில் குரும்பபாளையம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி.

காலி செய்த அன்று கதிரேசன் போயிருந்தார். ஹாலுக்கு ஆறுச்சாமி தன் செலவில் வெள்ளை அடித்திருந்தான். அன்புச்செல்வி ஒரு தட்டில் வெற்றிலை, பழம், பூவோடு சாவியை வைத்து முத்தாத்தாளிடம் கொடுத்தாள்.

“ஆனிக்குள்ள அருண் தம்பி பால் காய்ச்சிக்கட்டுங்கம்மா. எங்களையும் கூப்பிடுங்க, வந்தர்றோம். ஏனுங்கண்ணா, நீங்களும் சொல்லி உடுங்க.”

முத்தாத்தாள் கதிரேசனைப் பார்த்தாள். கதிரேசன் போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். படி இறங்கும்போது அதன் இரும்புக் கால் முழங்காலில் இடித்தது. வலித்தது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டியில் பாதிச் சாமான் ஏறிவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

பேங்க்காரர் வந்து மாடியைப் பார்த்தார், லிஃப்ட் இல்லையா என்றார், போய்விட்டார். ஆடியும் பிறந்தது. இனி ஒரு மாதத்துக்கு வீடு பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்று தெரிந்தும், ஆவணிக்கென்று இப்போதே பார்த்து வைப்பவர்களுக்காக கேட்டில் ஒரு அட்டை மாட்டலாம். அதுவும் முடியவில்லை. ஆறுச்சாமி வேலைக்கு அந்த கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மகன் வருகிற வீட்டுக்கு எதற்கு அட்டை?

எனவே அட்டை இல்லாமலே வீடு காலியாகக் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் முத்தாத்தாள் மூட்டு வலியோடு படியேறி மாடி லைட்டைப் போட்டுவிட்டு வருவாள். ஒருநாள் கதிரேசன் போனபோது அருணின் கல்லூரிக் காலத்துச் சட்டைகளை நனைத்து மாடிக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீ சொல்லிக்குடுத்த பொய்யிக்கு நான் துணி தொவச்சுட்டிருக்கேன்.”

யாராவது கேட்டால் கதிரேசன் அவர்களை ஆறுச்சாமி பட்டறைக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிவந்தார். வந்தவர்கள் அதே தெருவில் இன்னும் மூன்று வீடு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதி வாடகைக்குப் பேசினார்கள்.

பேக்கரியில் ஆறுச்சாமியைப் பார்ப்பதைத் தவிர்க்க முடியவில்லை. அருண் தம்பி வந்தாச்சுங்களா என்று கேட்டான். லைட் எரியறதைப் பார்த்தேனுங்க என்று அவனே சொல்லிக்கொண்டான். வந்துட்டுப் போறாப்புலதானுங்க என்று ஏதோ சொன்னார் கதிரேசன். அன்புச்செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டார். ஒரு ஜாக்கெட்டுக்காக பஸ் ஏறி யார் வருவார்கள், புது இடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் தைக்கிறார்கள், அவள் இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள் என்றான். யுவஸ்ரீ பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். இதையெல்லாம் அவன் குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கதிரேசன் குடித்த டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டில் கீதா வேறொருத்தி தைத்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் இறங்குது, கை ஏறுது என்று திட்டிக்கொண்டிருந்தாள். அந்த அன்புச்செல்விப் புள்ளையை எதுக்குத்தான் ஊட்டை உட்டுத் தாட்டி விட்டாங்களோ என்றாள். கதிரேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆடி முடியும் சமயத்தில் ஒரு பார்ட்டி வசமாக அமைந்தது. புதுசாகக் கல்யாணமான பையன், கூரியர் கம்பெனி வேலை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் வருகிறோம், அட்வான்ஸ் தருகிறோம் என்றான். அவன் சொன்ன வாடகை, ஆறுச்சாமி குறைத்துக் கேட்டானே, அதே தொகை. படியேறிப் படியேறி அலுத்திருந்த முத்தாத்தாள் சரி என்றாள். நாளைக்குக் காலையில் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு.

கதிரேசனுக்கு ஒரு மாதக் கமிஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அட்வான்ஸ் கை மாறிவிட்டால் அன்புச்செல்விக்கு அந்த வராந்தா இனி இல்லை. வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் திரும்பாமல் சத்தி ரோட்டில் நேராகப் போனார்.

மில் பஸ்ஸிலிருந்து இறங்கி அன்புச்செல்வி அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாங்கண்ணா என்று சேரை எடுத்துப் போட்டாள். ஒற்றை அறை. தையல் மெஷின் மூலையில் நின்றது, அதன்மேல் அரிசி மூட்டை. யுவஸ்ரீ படித்துக்கொண்டிருந்த புத்தகத்தோடு வெளியே போய்விட்டாள்.

கதிரேசன் உட்காரவில்லை.

“அருண் வரலை அம்மணி. வர்றதாவும் இல்லை. ஊடு காலியாத்தான் கெடக்குது. நாந்தான் அக்காவை அப்படிச் சொல்லச் சொன்னேன்.”

தண்ணீர் மொள்ளப் போனவள் சொம்போடு நின்றாள்.

“எங்க மேல ஏதாச்சும் தப்புங்களா?”

“இல்லை.”

“அப்பறம் எதுக்குங்க?”

“கமிஷனுக்கு.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்து, தண்ணீர் மொண்டு அவரிடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. கதிரேசன் மளமளவென்று சொல்லி முடித்தார். நீங்கள் கேட்ட வாடகைக்கே அந்த வீடு திரும்பக் கிடைக்கும், அட்வான்ஸை மெதுவாகக் கொடுத்தால் போதும், எனக்கு ஒன்றும் வேண்டாம், உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதை முத்தாத்தாளிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

“அதைச் சொல்லாதீங்க,” என்றாள் அன்புச்செல்வி. “அருண் தம்பிக்கு வர முடியாமப் போச்சுன்னு கேள்விப்பட்டு நாங்க கேட்டு உட்டதா இருக்கட்டும். நாங்களும் நம்புனாப்புலயே வாரோம்.”

“அவங்களும் சேர்ந்துதானே அம்மணி சொன்னாங்க?”

“அவங்களோட நாங்க ஒரே கேட்டுக்குள்ள இருக்கோணும். உங்களோட அப்படி இல்லீங்களே.”

அதைக் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார் கதிரேசன். ஆறுச்சாமியிடம் அவள் எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. மறுநாள் விடிவதற்கு முன்பே அவனிடமிருந்து போன் வந்தது, ஊட்டுக்காரி சொன்னாளுங்க, நாங்க வாரோமுங்க என்று. வேறு ஒரு வார்த்தை இல்லை.

கூரியர் பையனிடம் சொல்ல ஒரு காரணமும் தேடவில்லை. முன்பு இருந்தவர்களுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். நீயெல்லாம் ஒரு புரோக்கரா என்று ஆரம்பித்து அவன் பேசியதை முழுவதும் கேட்டுக்கொண்டார். முத்தாத்தாளிடம் அன்புச்செல்வி சொல்லச் சொன்னபடியே சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதில்ல?”

“தெரியாதுங்கக்கா,” என்றார். இந்தப் பொய்யைச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு லேசில் புரளவில்லை.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். முத்தாத்தாள், அருணுக்கு இப்படி ஆகிப்போச்சு, கம்பெனி விடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி, பாவமுங்க தம்பி என்று ஒத்துப் பாடினாள். பேசிய வாடகையில் இன்னும் ஐந்நூறு குறைத்துக்கொள் என்று முத்தாத்தாள் தனியாக அவளிடம் சொன்னது கதிரேசன் காதில் விழுந்தது.

அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கிளம்பலாம் என்று செருப்பைத் தேடும்போது அன்புச்செல்வி தட்டோடு எதிரில் வந்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு மாத வாடகை.

“கமிஷனுங்க சார்.”

“ஐயோ அம்மணி, நாந்தான் வேண்டாம்னு சொன்னனே.”

“ஊடு புடிச்சுக் குடுத்திருக்கீங்க. வாங்கிக்கோங்க சார்.”

பின்னாலிருந்து முத்தாத்தாள், தட்டுல வெச்சதை வேண்டாங்கக் கூடாது, வாங்கிக்கப்பா என்றாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். ஆறுச்சாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். மில்லில் ஒரு மாதம் நின்று சம்பாதித்ததில் பாதி அந்தத் தட்டில் இருந்தது என்று கதிரேசனுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டார்.

அவள் தட்டைத் தாழ்த்தி அவருக்குத் தலையசைத்துவிட்டு, சாமான் ஏற்றி வந்த டெம்போ டிரைவரிடம் திரும்பினாள். “ஏனுங்கண்ணா, நீங்க பால் குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.