கிடர்பூரில் மைனஸ் நாற்பது

அக்கா என்னைத் திட்டுவதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் திட்டு என்பது காலைக் காபி மாதிரி. இல்லாவிட்டால் தலைவலிக்கும். நான் அவளைப் ‘பெங்களூர் மகாராணி’ என்பேன். அவள் என்னைப் ‘பாதி பாலிடெக்னிக்’ என்பாள். இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் பவானிபூரில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் எந்தக் கல்லூரியும் கொடுத்திருக்காது.

அப்பா துறைமுகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். கிடர்பூர் குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தோம். வாசற்படிக்கு உள்ளே தூத்துக்குடி, வெளியே வங்காளம். அக்கா நன்றாகப் படித்து, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆனாள். ஒரு வருடம்கூட முடியவில்லை. ஒரு குளிர்காலக் காலையில் ஒற்றைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

கதவைத் திறந்த அம்மா பெட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “சாப்பிட்டியாட்டி?” என்றாள். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, “ரயிலு லேட்டோ?” என்றார். அவ்வளவுதான் விசாரணை.

பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். “ஏன் வந்தா, எதுக்கு வந்தான்னு வாயத் தொறந்த, கரண்டியக் காச்சி நாக்குல வச்சிருவேன். அவளாச் சொல்லுத வரைக்கும் யாரும் கேக்கப்பிடாது.” போதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காள அண்ணிக்கு மட்டும், மகள் லீவில் வந்திருக்கிறாள் என்று அறிவிப்புப் போனது. அந்த லீவு நீண்டுகொண்டே போனதை போதியும் நாகரிகமாகக் கவனிக்கவில்லை.

அக்கா தன் பழைய அறைக்குள் போனாள். அதற்குப்பின் அவளிடமிருந்து வந்ததெல்லாம் ஒரே எழுத்துதான். சாப்பிட வாரியா? ம். ஃபேன் போடவா? ம். அவள் சட்டைக்குப் பக்கத்தில் என் கிரீஸ் சட்டையைக் காயப்போட்டேன். அவள் டீயை நானே குடித்துவிட்டு வெறும் கோப்பையை அங்கேயே வைத்தேன். மகாராணிக்குப் பல்லக்கு வேண்டுமா என்று கேட்டேன். முன்பெல்லாம் இதில் ஏதாவது ஒன்றுக்கே செருப்பு பறந்து வரும். இப்போது அதற்கும் ‘ம்’தான். அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வசவு வாங்கிவிட வேண்டும். அந்த வருடம் எனக்கிருந்த ஒரே லட்சியம் அதுதான்.

அப்போது நான் அப்பாவின் அம்பாசிடரைப் பிரித்துப் போட்டிருந்தேன். வெயில் காலத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் செத்துப்போகும் வண்டி அது. சூட்டில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். கார்புரேட்டர் ஒரு பழைய சமையல்காரர் மாதிரி, எல்லாம் கண்ணளவு. அதைக் கழற்றிவிட்டு, இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதுபோல இன்ஜெக்டர் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். உடைசல் கார் ஒன்றிலிருந்து வந்த இன்ஜெக்டர்களையும் சென்சார்களையும் மல்லிக் பஜாரில் பிடித்தேன். டிக்கிக்குள் மின்சார பம்ப் வைத்தேன். பெட்ரோல் திரும்பி டாங்குக்குள் போக ஒரு குழாய் இழுத்தேன். இதற்கெல்லாம் மூளையாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும். அதன் சில்லுகளை வாங்கி, அம்மா துணி தேய்க்கும் மேசையில் வைத்து நானே பற்றவைத்தேன். மேசையில் ஓட்டை விழுந்தது. கம்ப்யூட்டர் பிழைத்தது.

ஆனால் அந்த மூளைக்குப் பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. இன்ஜின் இவ்வளவு வேகத்தில் இவ்வளவு காற்றை இழுத்தால் இவ்வளவு பெட்ரோல் தெளி என்று, லேப்டாப்பில் கட்டம் கட்டமாக நாம்தான் எண்களை நிரப்ப வேண்டும். ரோட்டில் ஓட்டித்தான் அதைத் திருத்த முடியும். ஒருவர் வண்டியை ஓட்ட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்ணைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தனியாகச் செய்தால் எண் சரியாகும், வண்டி டிராமுக்கடியில் போகும்.

பட்டறையில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா அறைக்குப் போனேன்.

“யக்கா, ஒரு சந்தேகம்.”

“ம்.”

“இதுல கட்டம் கட்டமா இருக்கு பாத்துக்கோ. நம்பர் போடணுமா, கோலம் போடணுமா?”

அவள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். லேப்டாப்பைக் கொடுத்தேன். அந்தக் கட்டங்களைப் பற்றிப் போனில் பார்த்துப் பார்த்து எனக்கு ஓரளவு மனப்பாடமே ஆகியிருந்தது. ஆனாலும் வாயைப் பிளந்து நின்றேன். முட்டாளாக நடிக்க எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்கனவே சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

முதல் தடவை சாவியைத் திருப்பியபோது வண்டி இருமி, தும்மி, கறுப்பாக ஒரு புகையை விட்டது. கொடியில் அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஏ பாவி! இப்பத்தானல நீலம் போட்டுக் காயப்போட்டேன்!”

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா திரையைப் பார்த்தபடி, “பெட்ரோலு ஜாஸ்தி,” என்றாள்.

இரண்டு முழு வார்த்தைகள்! சந்தேஷ் மிட்டாய் வாங்கித் தெருவுக்கே கொடுத்திருப்பேன். அம்மாவும் கரண்டியை இறக்கிவிட்டு, கறுத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பின் பட்டறை முடிந்து வந்ததும் சாயங்காலங்களில் கிளம்பினோம். குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றி ஒரு சுற்று, அப்புறம் ஆற்றோரம். “இதே வேகத்துல பிடி. விடாத. விடாதங்கேன்லா. இப்ப விடு.” அவள் பேசியதெல்லாம் இன்ஜினோடுதான். நான் நடுவில் இருந்த ஒரு உறுப்பு, அவ்வளவே. ஆனாலும் வார்த்தைகள் கூடிக்கொண்டே வந்தன. ஒரு நாள் குறுக்கே புகுந்த மினிபஸ்காரரைப் பைத்தியம் என்ற பொருளில் ‘பாகோல்’ என்று வங்காளத்தில் வைதாள். இன்னொரு நாள் ஜால்முரி என்ற காரப்பொரிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று பார்த்துவிட்டு, “தாதா, மிளகாய் எங்கே, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா?” என்று விற்ற அண்ணனை வங்காளத்தில் கேட்டாள். ஜால்முரிக்காரர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

வண்டியும் நாளுக்கு நாள் திருந்தியது. பிறகு ஒரு சாயங்காலம் அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “இன்னும் ரெண்டு கட்டம்தான் பாக்கி. நாளைக்கு முடிஞ்சிரும்,” என்றாள்.

முடிந்துவிட்டால் அவள் மறுபடி அறைக்குள் போவாள், மறுபடி ‘ம்’. மறுநாள் காலை பானெட்டைத் திறந்து, இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றி விட்டேன். சூடு தெரியாவிட்டால் வண்டி கண்டபடி பெட்ரோல் குடிக்கும், எண்கள் எல்லாம் தாறுமாறாகும், அக்கா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இன்னும் சில வாரங்கள் கிடைக்கும். பாதி பாலிடெக்னிக் போட்ட முழுத் திட்டம்.

அன்று சாயங்காலம் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் கறுப்புப் புகை. அக்கா திரையைப் பார்த்தாள்.

“ஏல.”

“என்னக்கா?”

“வெளிய பனி பெய்யுதா?”

சித்திரை மாதம். சீட்டின் ரெக்சின் தொடையில் ஒட்டிக்கொண்டு சுட்டது.

“ஏன் கேக்க?”

“இன்ஜின் தண்ணி மைனஸ் நாப்பதுன்னு காட்டுது. கிடர்பூர்ல.”

பிடுங்கினால் அதைத் திரையே காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. “கம்ப்யூட்டருக்குக் குளிர்காய்ச்சலா இருக்கும்,” என்றேன்.

“வண்டிய நிப்பாட்டு.”

இறங்கி பானெட்டைத் திறந்தாள். தொங்கிய ஒயரைக் கையில் எடுத்தாள்.

“எலி கடிச்சிருக்கும்க்கா.”

“எலி கிளிப்ப அமுக்கிக் கழத்துமால?”

அவள் குரல் உயர்ந்தது.

“நான் என்ன சீக்காளியா? வெளையாட்டுச் சாமான் குடுத்து உக்கார வச்சிருக்கியா?”

“இல்லக்கா, நீ வேலையா இருந்தா நல்லா இருப்பேன்னு...”

“நல்லா இருக்கேனா, இல்லையான்னு கேட்டியா? ஒரு தடவ? அம்மா சாப்பிட்டியான்னு கேக்கா. அப்பா ஃபேன் போடவான்னு கேக்காரு. நீ கோலம் போடவான்னு கேக்க. ஏன் வந்தன்னு கேக்க அந்த வீட்டுல ஒருத்தருக்கும் வாய் இல்ல!”

ஒயரை அதன் இடத்தில் மாட்டி, ‘டக்’கென்று அமுக்கி, பானெட்டை அறைந்து மூடினாள். வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். நான் ஆசைப்பட்ட திட்டு முழுசாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ‘ம்’கூட இல்லை. அம்மா என்னை மறுபடி சமையலறைக்குள் இழுத்தாள்.

“என்னல சொன்ன அவகிட்ட?”

“ஒண்ணும் சொல்லலம்மா. ஒண்ணும் கேக்கவும் இல்ல. அதுதான் அவளுக்குக் கோவம்.”

“கேட்டா மனசு நோவாதா?”

“கேக்காம இருந்தா நோவுதாம்.”

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கிண்டவே வேண்டியதில்லை. அவள் கிண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் அறை வாசலில் போய் நின்றேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் வாயில் நாலைந்து கிண்டல்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினேன். வாழ்க்கையில் அத்தனை கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

“யக்கா. நீ ஏன் வந்த?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தாள். கிண்டல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள் போல.

“சாவிய எடு,” என்றாள்.

ஓட்டுநர் சீட்டில் அவளே ஏறினாள். “லேப்டாப்ப நீ பிடி. ஓட்டிக்கிட்டே இருந்தா உன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்லா.”

துறைமுகத்து டாக் பாலத்துக்கு வந்தபோது சங்கு ஊதி, கேட்டைச் சாத்திவிட்டார்கள். கப்பல் உள்ளே வரும்போது அந்தப் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும். முன்னும் பின்னும் லாரிகள் இன்ஜினை அணைத்தன. அக்கா அணைக்கவில்லை. இந்தச் சூட்டில் நின்றபடியே ஓடுவதைத்தான் அந்த வண்டி ஒருநாளும் செய்ததில்லை.

“எவ்வளவு காட்டுது?”

“பதினாலரை.” ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று, சரியான கலவை.

“நல்லது.” பாலத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். “அவரு குடிக்க மாட்டாருல. அடிக்கவும் இல்ல. அதனால என்னத்தச் சொல்லன்னு எனக்கே தெரியல. அவரும் அவங்க அம்மாவும் பேசி முடிவெடுப்பாங்க. எங்க குடி போகணும், நான் வேலைய விடணும், எல்லாத்தையும். முடிவானப்புறம் எனக்குச் சொல்லுவாங்க. ஒரு நாள் பேசாம இருந்து பாத்தேன். அப்புறம் இன்னொரு நாள். வாரக் கணக்காப் பேசல. ஏன் பேசலன்னு யாரும் கேக்கல. கவனிக்கவே இல்ல.”

பாலத்துக்கு நடுவே ஒரு கப்பலின் துருப்பிடித்த பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் சீராக ஓடியது. நான் திரையையே பார்த்தேன்.

“வீட்டுக்குப் போவோம்னு வந்தேன். இங்க வந்தும் பேசாமத்தான் இருந்தேன்...”

“நான் கவனிச்சேன்க்கா.”

“கவனிச்சுத்தான் ஒயரப் பிடுங்கினியாக்கும்.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதாள்.

என் போன் அடித்தது, அம்மா. ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கல இருக்கிய? சோறு ஆறுது.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். “அம்மா, நாங்க வந்ததும் நீ என்கிட்ட ஏன் வந்தன்னு கேக்கணும். சாப்பிட்டியான்னு கேக்கப்பிடாது. சரியா?”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு, எங்கள் வீட்டில் நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் அம்மா கேட்டாள்:

“இப்பமே கேக்கட்டாட்டி?”

பாலம் இறங்கிவிட்டது, பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அக்கா வண்டியைப் பாலம் தாண்டி ஓட்டிப் போய், இடதுபக்கம் ஒரு சுவரோரமாக ஒதுக்கினாள். இன்ஜினை அணைக்கவில்லை. நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் முன் டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து அதையே பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

மெதுவாகப் போன டாக்சிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, பங்க்சரா என்று வங்காளத்தில் கேட்டார்.

“இல்ல தாதா, உள்ளே அக்கா அம்மாவோட பேசிக்கிட்டிருக்கா,” என்று அவர் பாஷையில் சொன்னேன்.

அவர் அக்காவை ஒரு தடவை பார்த்தார். “அப்படியென்றால் நிழலாகப் பார்த்து உட்கார்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.