முசுறு நசுக்கிய துண்டு

முசுறை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ஒரு வாடை எழும். பச்சை மாங்காய்ப் பாலும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி புளிப்பாகத் தொடங்கி, மூக்கு வழியே ஏறி, உச்சந்தலையில் போய்ச் சுரீரென்று நிற்கும். பலா மரத்து இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புதான் எங்கள் மலையில், அரியூர் நாட்டில், சளிக்கு முதல் மருந்து. மூக்கடைத்துக்கொண்டால் அப்பா தொரட்டியால் ஒரு கூட்டை இழுத்து, துண்டில் உதறிக் கசக்கி, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, "கண்ணை இறுக்க மூடிக்க சாமி, ஒரே இழு" என்பார். இழுத்த மறுநொடி தும்மல் தும்மலாய் வந்து, மூக்கு ஒழுகி, மூச்சு சீராகிவிடும். அதையே எண்ணெயில் காய்ச்சி மூட்டுவலிக்குத் தேய்ப்பவர்களும் உண்டு. எங்களுக்கு அது "முசுறுக் காரம்". அதற்கு வேறு பெயர் இருக்குமென்று யார் கண்டது.

எனக்குப் பத்து வயது, தங்கை செல்விக்கு ஐந்து. மலையடியில் காளப்பநாயக்கன்பட்டியில் மாமன் ஊர்த் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் "நோம்பி"க்கு, மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்குவதாக இருந்தோம். பார்த்தால் செல்விக்குச் சளி. "புள்ளைக்கு மூச்சு இப்படி இரைக்கறப்ப எங்க கண்ணு போறது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பாவாடை தைத்து வைத்திருந்தேன், ராட்டினத்தில் ஏறப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வேறு வைத்திருந்தேன்.

நானே கூட்டை இழுத்தேன். கையெல்லாம் கடி. ஒரு கூடு போதாதென்று இரண்டு கூட்டைத் துண்டில் உதறிக் கசக்கினேன். நிறையப் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்பது என் வைத்தியம். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே துண்டை அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன். அவள் திமிறினாள், கண்ணைத் திறந்தாள், வீறிட்டாள். துண்டை விறகுக்கு அடியில் சொருகிவிட்டு, "சொன்னீனா நோம்பிக்குக் கூட்டிட்டுப் போகமாட்டாங்க" என்று அந்தப் பிள்ளையை மிரட்டினேன். சத்தம் கேட்டுக் காட்டிலிருந்து ஓடி வந்த அம்மாவிடம், "கண்ணுல தூசி உளுந்துருச்சும்மா" என்றேன். முசுறு வாடை எங்கள் வாசலுக்குப் புதிதில்லை என்பதால் அம்மாவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

தூசி விழுந்தால் எங்கள் ஊரில் தாய்ப்பால்தான். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் கிண்ணத்தில் வாங்கி வந்து, அம்மா வேளைக்கு இரண்டு சொட்டாக மூன்று நாள் விட்டாள். வலது கண் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தபின் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்னத்தம்மா ஊத்துனீங்க?" என்று டாக்டர் கேட்க, அம்மா பாலைச் சொல்ல, அவர் கண்டபடி திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். புண் ஆறியபோது கருவிழியில் பூ விழுந்து, அந்தக் கண்ணில் பார்வை போயிருந்தது.

"நாந்தான் பாலை ஊத்தி எம்புள்ள கண்ணைக் கெடுத்துப்போட்டேன்." வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அழுவாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு தின்றேன், படித்தேன், கல்யாணமும் பண்ணிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் ஆசிரியை ஒரு புட்டியைத் திறந்தபோது அதே வாடை. ஃபார்மிக் அமிலம், எறும்பிடமிருந்து முதலில் எடுத்தது, மருவைக் கரைக்க மருந்தாகவும் ஆகும் என்றார். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வேறெதையும் தேடக் கூடாது என்றும் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அம்மா பாலைத் தேடிப் போயிருக்கமாட்டாள். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

இப்போது எங்கள் பலா மரங்கள் நின்ற இடத்தில் சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகும்தான் இருக்கின்றன. முசுறுக் கூட்டைக் காண்பதே அரிது, சளிக்கு மாத்திரை பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

போன மாதம் செல்வியை நாமக்கல்லில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எப்படி ஆனது என்று அவர் கேட்டதும், "எங்கம்மா வெவரம் தெரியாம பாலை ஊத்திருச்சுங்க" என்றாள் செல்வி, நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய குரலில். இனி இந்தப் பழி அம்மா மேல் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. "இல்லீங்க டாக்டர், அது நான் பண்ணுனதுங்க" என்று துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் அவளுக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்க அவள் முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

"அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.