தண்ணீர் குடிக்காத ஓட்டுநர்

எங்கள் பேருந்தை ஓட்டுவது என் அண்ணி. டிக்கெட் கிழிப்பது அவளுடைய நாத்தனாராகிய நான். வீட்டில் முறைத்துக்கொண்டாலும் வண்டியில் ஒரு விசிலுக்கு நிற்போம், இரண்டு விசிலுக்குக் கிளம்புவோம்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அண்ணி இருக்கையை விட்டு எழுவாள். "மகாராணிக்கு இறங்க மனசே வராது" என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டலடிப்பார்கள். அவர்களுக்கென்ன, வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் வேலை முடிந்தது! அண்ணி பதிலுக்குச் சிரிக்கக்கூட மாட்டாள். சிரித்தால் சிறுநீர் கசிந்து நனைந்துவிடும். தும்மினால் நனையும். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டாலும் நனையும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படியாம். என் அண்ணனுக்கே தெரியாது. எனக்கும் பின்னால்தான் தெரிந்தது. உட்காரும் இடத்தில் மடித்த துண்டு, பையில் மாற்றுத் துணி, பக்கத்தில் யாராவது வந்தால் நாற்றம் அடிக்குமோ என்ற நடுக்கம்.

அந்தப் பயத்தில் அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம், விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வண்டி எடுப்பது. ஓட்டுநருக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி: டேங்க் காலியாக இருந்தால் ஒழுகாதாம்!

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், பாலத்தின் மேல் வண்டி ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போனது. முன்னால் ஓடினேன். அண்ணிக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது.

"அண்ணி! பிரேக்கை மிதிங்க!"

மிதித்துவிட்டாள். பாலத்துச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. உள்ளே ஒரு வண்டி ஜனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. "என்ன எழவைத்தான் பண்றீங்க?" என்று கத்தினேன். அப்போதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"தண்ணிய நிறுத்தினா சிறுநீர் கெட்டியாகி இன்னும் உறுத்தும், கிருமியும் சேரும். தாராளமா குடிங்க. மூத்திரத்தை அடக்குற மாதிரி கீழ்த்தசைய இறுக்கி, அப்புறம் தளர்த்துங்க. தினமும் செய்யணும். பலன் தெரிய சில மாசம் ஆகும். நடுவழியில ஒரு தடவை கழிப்பறைக்குப் போயே ஆகணும்."

நடுவழியில் நிறுத்த டிப்போ மேலாளர் சம்மதிக்க வேண்டும். அங்கேதான் அண்ணி பின்வாங்கினாள். "வண்டியப் புடுங்கிட்டு ஆபீஸ்ல உக்கார வச்சிடுவாருடி. இந்த ஸ்டீயரிங்கைப் புடிக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?" எனக்கும் பயம்தான். பாலத்து விஷயம் தெரிந்தால் வேலையே போய்விடும். ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

மேலாளர் செருமினாலே டிப்போ கப்சிப். அவர் முன்னால் நின்று, முந்தைய நாள் பாலத்தில் நடந்தது உட்பட, அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று அண்ணி என் கையை இறுக்கிக்கொண்டாள்.

"உடம்பு சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடாதே. அப்புறம் சந்தை நிறுத்தத்துல பத்து நிமிஷம் நிறுத்திக்கோ. எவனாவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அண்ணிக்கு மூச்சு வந்தது. நாங்கள் திரும்பினோம்.

"நில்லும்மா." அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சன்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. "அந்த டாக்டரம்மா... ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"