கயேன் பட்டுப்பூச்சியும் பேறுகாலச் சாம்பிராணியும்

முதல் பூச்சி கூட்டைவிட்டு வந்த காலையில் உம்மா, எட்டு மாதக் கர்ப்பத்தோடு எனக்கு மூத்தவளான லாத்தா, அவள் புருஷன் மச்சான், நான் எல்லோரும் இருந்தோம். வாப்பா இல்லை, சைகோனில் கடைச் சிப்பந்தி. லாத்தாவின் நிக்காஹுக்கே வராதவர். தன் பிள்ளைக்கும் அப்படி ஒரு வாப்பா அமைந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

மச்சான் பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்தவர். தென்னமெரிக்காவின் கயேன் துறைமுகத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியில் பட்டுப்பூச்சிக் கூடுகளைக் கொண்டுவந்திருந்தார். அதன் புழு ஆமணக்கு இலை தின்னுமாம். திருநள்ளாறு பக்கம் ஆமணக்குக்குப் பஞ்சமில்லை. புழு தேறினால் கப்பலை விட்டுவிடுவதாக லாத்தாவிடம் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பூச்சி எது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பள்ளியின் பிரெஞ்சுப் படப்புத்தகத்தில் தேடினேன். முசுக்கட்டை இலை தின்னும் வெள்ளைப் பூச்சி இல்லை இது. உள்ளங்கை அகலம், செங்கல் நிறம், நான்கு இறக்கையிலும் கண்ணாடிச் சில் பதித்தாற்போல ஒரு முக்கோணம். சீப்பு மாதிரி அகன்ற மீசை இருந்தால் ஆண். வயிறு பருத்தது பெண்.

உம்மா தேன் கொண்டுவந்தாள்.

“இதுக்கு வாய் கிடையாது உம்மா. புழுவா இருக்கையிலேயே தின்னு முடிச்சிடும்.”

“வாயில்லாம அல்லா படைப்பானாடா? நல்லாப் படிச்சே போ.”

ஒரு வாரத்தில் அவை முட்டையிட்டுச் செத்தன. பொரிந்த குஞ்சுப் புழுக்கள் தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாகி, விரல் பருமனுக்கு வந்தன. வெளியே காக்கையும் எறும்பும் விடாதென்று உள்ளறையில் தட்டு கட்டியிருந்தோம். இன்னும் ஒரு தோல் உரித்தால் கூடு கட்டும் என்ற நிலையில் லாத்தாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது.

பேறுகால வீட்டில் காலையும் அந்தி மஃரிபும் சாம்பிராணி போடாமல் இருக்க முடியுமா? தட்டுக்கு அடுத்த அறைதான் பிள்ளை பெற்ற அறை. புகை வீடு முழுக்க நின்றது. புழுக்கள் இலையைத் தொடவில்லை.

எங்களில் மாப்பிள்ளை பெண்வீட்டோடுதான் இருப்பார்; ஆனால் மாமியாரிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். மச்சான் என்னை அனுப்பினார். “புகையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்றாங்க,” என்றேன். உம்மா கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, அவருக்குக் கேட்கிறாற்போலவே சொன்னாள்: “பெத்த உடம்பைவிட மாப்பிள்ளைக்குப் புழு பெருசாப் போச்சா? கேட்டுட்டு வா.”

நான் கேட்கப் போகவில்லை. அவர் தட்டில் வாடிய இலையை மாற்றிப் போட்டார். லாத்தா பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். புகை வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குச் சளி கட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

பின்காலால் காம்பைப் பிடித்தபடி, கறுத்துப்போய், புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. ஒன்றுகூடக் கூடு கட்டவில்லை.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிவதற்குள் மச்சான் கப்பலேறினார். மரத்தட்டு, வலை, இலை, வண்டிக்கூலி என்று லாத்தாவின் காப்பை அடகு வைத்து வாங்கிய கடன் முந்நூற்றுப் பத்து ரூபாய்.