அவிழ்த்துவிட்ட கன்று

மருதாயி நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். இடது கையில் தட்டு, வலது கையில் சோறு, கண் மட்டும் எதிர்ச் சரிவில் இருக்கும். "உக்காந்து சாப்பிடேம்மா, சோறு என்ன ஓடியா போயிரும்?" என்று பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். "சோறு ஓடாதுங்க ஐயா, பன்னி ஓடியாந்துரும்" என்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கால் வலிக்கும்.

நான் அப்போது சோலூர்ப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெயர் சுடலைமுத்து. தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் ஊட்டியிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர், நானே கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குவதும் நானே. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் பேச்சு. வராமல் என்ன செய்யும்?

எழுபத்து நாலாம் வருஷம், உருளைக்கிழங்கு பூத்திருந்த சமயம். தேயிலைக் கொழுந்துச் சாக்கில் எதையோ சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். சாக்கை மேசைமேல் வைத்து விரித்தாள். செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய், வயிறு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. காட்டுப் பன்றியின் கொம்புப் பல் பட்ட காயம்.

"இது மாட்டாஸ்பத்திரிம்மா" என்றேன்.

"மாட்டுக்கும் நாய்க்கும் தோலு தோலுதானுங்க ஐயா. தைங்க."

பதினான்கு தையல் போட்டேன். நாய் முனகியதே தவிர, என் கையருகே ஒருமுறைகூட வாயைக் கொண்டுவரவில்லை. அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றாள். "இப்புடி ஆடுனா தையல் கோணிக்கும்" என்று எரிந்து விழுந்தேன். "நான் ஆடுறேன், நாயி ஆடலியே" என்றாள். நாயின் பெயர் பூச்சி.

அன்று அவள் சொன்னதிலிருந்தும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதிலிருந்தும் அவள் கதை இவ்வளவுதான். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அங்கேயே ஆண்டியைக் கட்டிக்கொண்டவள். லயத்து, அதாவது தோட்டக் கூலி வரிசை வீட்டு, ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைக்குப் போவார்கள். நாய்களைப் பழக்கிக் கொடுப்பது மருதாயியின் வேலை. அவளுடைய அப்பனிடம் இருந்த கைவாகு அண்ணன் தம்பிகளுக்கு வரவில்லை, இவளுக்கு வந்திருந்தது. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் பெயர் வந்ததும் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று ஒரு வருஷம் போய்விட்டது.

அதற்குள் போஜன் கவுடர் அவர்களுக்குத் தன் கிழங்குக் காட்டின் மேல் ஓரத்தில் ஒரு குடிசை கொடுத்தார். இந்த மலையின் படகர், மரியாதையான மனிதர், வார்த்தை குறைவு. பன்றியைக் கிழங்குக் காட்டுக்குள் விடக்கூடாது, அதுதான் வாடகை. கொல்லவும் கூடாது, ரேஞ்சர் பிடித்துப் போவார். மறித்துக் குரைத்து மேலே சோலைக்குள் விரட்ட வேண்டும். அதற்கு நல்ல நாய் வேண்டும். நாயை அவள் கப்பலில் கொண்டுவரவில்லை. சந்தையில் யாரோ குப்பையில் விட்டுப்போன குட்டியை எடுத்துப் பழக்கினாள்.

பழக்குவது என்றால் சும்மா இல்லை. கண் திறந்து ஐந்தாவது வாரமே குட்டியை ஆட்டுப் பட்டியில் போட்டுவிடுவாள். அது ஆட்டோடு படுக்கும், ஆட்டுப் பாலைக் குடிக்கும், ஆடு தின்ற பிறகுதான் அதற்குச் சோறு. கோழிக் குஞ்சை அதன் முதுகில் ஏற்றி விளையாட்டுக் காட்டுவாள். வாயில் இருக்கிற எலும்பை இவள் பிடுங்கினால் உறுமக் கூடாது. உறுமினால் அன்று பட்டினி. பன்றித் தோலை மண்ணில் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க வைப்பாள். வேட்டையில் நாயை நிறுத்த அவளிடம் ஒரே சைகைதான். கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் இரண்டு தட்டு. எவ்வளவு வெறியில் ஓடினாலும் பூச்சி அந்த இடத்தில் நின்றுவிடும். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தியால் நாயைக் கட்டிப் போடுகிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆண்டி இதற்கு நேர் எதிர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். "அவ நடக்குற நடைக்கு எனக்கும் சேத்துக் கணக்கு சரியாப் போச்சுங்க" என்று பீடியைப் பற்றவைப்பான்.

அந்த வருஷம் ஆவணி கடைசியில் போஜன் கவுடர் ஆள் அனுப்பினார். அவருடைய எருமைக் கன்று ஒன்று புல்வெளியில் காலைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு போனேன். பின்னங்கால் நரம்பருகே சதை பிய்ந்திருந்தது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை, வயிற்றிலும் இல்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிறுத்தை கழுத்தைப் பிடிக்கும். செந்நாய்க் கூட்டம் என்றால் வயிற்றை மிச்சம் வைக்காது. இது ஒற்றை நாய், ஓடுகிற பிராணியைப் பின்னாலிருந்து மறிக்கத் தெரிந்த நாய்.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரே ஒரு நாய்தான் இருந்தது.

"என்னங்க கம்பவுண்டர், நாய்ங்களா?" என்றார் கவுடர். சுற்றி ஹட்டி, அதாவது படகர் ஊர், ஆட்கள் ஏழெட்டுப் பேர். மருதாயி சற்றுத் தள்ளி, வழக்கம்போல நின்ற இடத்தில் நிற்காமல், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கன்றைக் கடித்த நாயை ஊருக்குள் வைப்பதில்லை என்பது அங்கே பழைய ஏற்பாடு. நாய் போனால் பன்றி வரும், பன்றி வந்தால் இவளுக்குக் குடிசை எதற்கு? ஆண்டியும் இவளும் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டும்.

நான் பொய் சொன்னேன். "சிறுத்தையா இருக்கலாமுங்க" என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

மருதாயி நடையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "சிறுத்த காலையா கடிக்கும்?" என்றாள், எல்லார் முன்னாலும். எனக்கு முகம் செத்துவிட்டது. உதவி செய்யப் போனவனை இப்படி ஊர் நடுவில் நிறுத்துவாளா ஒருத்தி?

"எம் பூச்சி மாட்டத் தொடாதுங்க. ஆட்டுப் பட்டியில வளந்தது. வேணும்னா பாத்துக்கிருங்க."

கவுடர் தலையசைத்தார். இன்னொரு கன்றைக் கொண்டுவந்து முளையில் கட்டினார்கள். பூச்சியை அவிழ்த்துவிட்டாள். நாய் கன்றிடம் போனது, மோந்தது, காதை நக்கியது, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். கவுடரும் சரி என்பதுபோல் துண்டை உதறித் தோளில் போட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நானும் பையை மூடிவிட்டேன்.

மருதாயி மட்டும் கன்றின் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க பதுளையில மாடு எல்லாம் கட்டித்தான் கெடக்கும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "தேயிலைக்குள்ள கால வச்சா தொர புடிச்சு அடைச்சிருவாரு. புல்லறுத்துக் கொண்டாந்து கட்டுத்தறியில போடுவோம். ஆடும் அப்புடித்தான். எங்க நாயி ஓடுற மாட்டக் கண்டதே இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அப்பனும், அப்பனுக்கு அப்பனும் பழக்கிய நாய்களுக்கு, கட்டிக் கிடப்பது ஆடு மாடு, ஓடுவது பன்றி. இந்த மலையிலோ எருமை புல்வெளியில் தன்னிஷ்டத்துக்குத் திரிகிறது. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிறது.

"மருதாயி, சும்மா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கேட்டால்தானே? போய் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கன்றின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கன்று பாய்ந்தது. பூச்சியும் பாய்ந்தது. பத்துத் தப்படி இருக்கும், கன்றின் பின்னங்காலை எட்டிவிட்டது. கத்தி கல்லில் இரண்டு தட்டுத் தட்டியது. நாய் நின்றது. ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"என் தப்புங்க கவுடரே, நாயோடது இல்ல" என்றாள்.

தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டிக்கொள்கிறவளை என்ன சொல்வது? எனக்குக் கோபமும் வந்தது, கும்பிடவும் தோன்றியது. கவுடர் நின்ற நாயையும் ஓடிய கன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கெழங்கு தோண்ட ஒரு மாசம் இருக்குது. அதுவரைக்கும் பாக்கறேன். கன்னையும் தொடக்கூடாது, பன்னியையும் விடக்கூடாது. ரெண்டுல ஒண்ணு தவறினாலும் நாயும் நீங்களும் வேற எடம் பாத்துக்கோணும்" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் நடக்கிற காரியமா?

பழக்க நீளக் கயிறு வேண்டும். குடிசையில் அவர்களுடைய தகரப் பெட்டி இருந்தது, கப்பலேறுமுன் தலைமன்னாரில் கட்டிய கட்டோடு. மறுபடி எந்நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்று ஒரு வருஷமாக அவிழ்க்காமல் வைத்திருந்தாள். புடவை எடுக்க வேண்டுமென்றால்கூட மூடியை ஒரு பக்கம் நெம்பிக் கைவிட்டுத்தான் எடுப்பாள். அந்தக் கயிற்றை அவிழ்த்தாள். "அடியே, போகச் சொன்னா எதால கட்டுவ?" என்றான் ஆண்டி. "போகச் சொன்னா பாக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு மாசம் அவள் படுத்த பாடு சொல்லி மாளாது. விடிந்ததும் கயிற்றின் ஒரு நுனி நாயின் கழுத்தில், மறுநுனி இவள் இடுப்பில். கன்றுகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பாள். நாய் எகிறினால் கத்தி தட்டும், கயிறு இழுக்கும், அவளும் சேர்ந்து விழுவாள். எகிறாமல் இருந்தால் உள்ளங்கையில் ஆட்டுப் பால். முழங்கையெல்லாம் தோல் உரிந்து என்னிடம் டிஞ்சர் கேட்டு வந்தாள். "இது மாட்டாஸ்பத்திரி" என்றேன். "தோலு தோலுதானுங்க" என்றாள். சிரித்தும் தொலைத்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் பூச்சி ஓடுகிற கன்றைக் கண்டால் படுத்துக்கொள்ளத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம். அவளுக்கு அடுத்த கவலை. அதை முதலில் சொன்னவன் ஆண்டி.

"ஓடுறதெல்லாம் வேணாமுன்னு சொல்லிக் குடுத்துட்ட. நாளைக்குப் பன்னி ஓடுனாலும் படுத்துக்கிட்டா?"

அவளுக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அந்த நாட்களில் பன்றி வந்தபோதெல்லாம் நாயைக் கட்டிவைத்து அவளே தகரத்தைத் தட்டி விரட்டினாள். அரைகுறையாகப் பழகிய நாயை விட்டால் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய், நடையோ நடையென்று வரப்பெல்லாம் தேய்த்தாள்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது நான் அடிபட்ட கன்றின் காயக் கட்டைப் பிரிக்கக் காலையிலேயே போயிருந்தேன். பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. கவுடர் எருமைகளை மேலே ஓட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றார், மருதாயி நாயைக் கயிற்றில் பிடித்தபடி வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று கிழங்குப் பாத்திக்குள் சலசலப்பு. கொம்பன் பன்றி ஒன்று, பின்னால் இரண்டு பெட்டை, ஐந்தாறு குட்டி. பட்டப்பகலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் சரிவில் மேலே ஓட்டம் பிடித்தன. அந்தச் சத்தத்தில் மிரண்டு கன்றுகளும் அதே திசையில் ஓடின. பன்றியும் கன்றும் கலந்து ஒரே பனியில் ஓடுகின்றன.

மருதாயி நாயின் கழுத்துக் கயிற்றை உருவிவிட்டாள்.

பூச்சி நாலு எட்டு ஓடி நின்றது. திரும்பி அவளைப் பார்த்தது. அவள் வலது கையில் கத்தி, காலடியில் கல். தட்டினால் நாய் நிற்கும், கன்று பிழைக்கும், ஆனால் பன்றியை மறிக்காத நாய் என்றாகிவிடும். 'சூ' என்று ஏவினால் எதன் மேல் பாயும் என்று யாருக்குத் தெரியும்? நாயே முடிவு செய்தாக வேண்டும். அவள் விரல்கூட அசையவில்லை. அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். கவுடர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாய் திரும்பியது. ஓடியது. கடைசிக் கன்றின் பக்கவாட்டில், அதன் விலாவில் உரசுகிற மாதிரி போய், அதைக் கடந்து, கொம்பனின் முன்னால் பாய்ந்து மறித்துக் குரைத்தது. கன்று புல்லைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டது. பன்றிக் கூட்டம் சோலைக்குள் மறைகிற வரை பூச்சியின் குரல் மலையில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கவுடர் குனிந்து, பன்றி கிளறிப்போட்ட கிழங்குகளைப் பொறுக்கித் துண்டில் போட ஆரம்பித்தார். "குடிசைக் கூரைக்கு மழைக்கு முன்னால தகரம் மாத்தோணும். ஆண்டியை வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசினார்.

மருதாயி கத்தியைக் கீழே போட்டாள். ஈர வரப்பின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொடையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு சரிவையே பார்த்தாள்.

அதுவும் எவ்வளவு நேரம்? ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம். பூச்சி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவது தெரிந்ததும், "வயித்துல கொம்பு பட்டிருக்கான்னு பாருங்க ஐயா" என்று எழுந்து ஓடினாள்.