ஞாயிற்றுக்கிழமையின் ஒரு மிடறு

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கோடைக்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி கை நீட்டினேன். தம்பி சேகர் ஞாபகம் வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

சேகருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. விழுப்புரத்தில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், மீறினால் மூச்சு முட்டும். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியுமே, மலைப்பாறை சூடேறினால் விடியும்வரை ஆறாது. அதில் அரை லிட்டர்! எங்கள் நைனா பக்கத்து வல்லத்தில் நிலக்கடலை பயிர் வைத்தவர். வாய்க்கால் தண்ணிக்கு அடிதடி வரை போன மனுஷன், பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் மறுக்கும் காவல்காரராகிவிட்டார். குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். குளிக்கிற தண்ணீரைக் குடித்துவிடுவான் என்று பாத்ரூம் வாசலிலேயே நிற்பார். எனக்கோ அந்த நாளில் வந்த தாகம் ஜென்மத்தில் வந்ததில்லை. கொல்லைப்பக்கம் போய்க் களவாணி மாதிரி குடிப்பேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கை மேரியக்கா. அவருக்கும் அதே வியாதி. சிலுவையில் தொங்கியவர் தாகத்தில் தவித்ததை பைபிளிலிருந்து அக்காதான் சேகருக்குப் படித்துக் காட்டினார்.

"அவருக்கும் நாக்கு வறண்டுதான்ணா கெடந்துது," என்றான் வீட்டுக்கு வந்து. அந்த வரியில் மனசு விழுந்தவன்தான், ஞானஸ்நானமும் வாங்கிவிட்டான். சர்ச்சில் திருவிருந்துக்குத் தரும் ஒரு மிடறு திராட்சை ரசத்துக்காக ஞாயிறு காலையில் காபியைக்கூடத் தொடமாட்டான். நைனா அந்த மிடறையும் அரை லிட்டரில் கழித்தார்.

மேரியக்கா செத்துப்போனார்.

"இன்னாடா, உங்க சாமி அவளையே காப்பாத்தல?" என்றார் நைனா.

"காப்பாத்துவார்னு போவல நைனா. இந்தத் தாகம் தெரிஞ்சவர் ஒருத்தர் கூட இருக்காரே, அதுக்குத்தான்."

அவன் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "நான் செத்தா வாய்ல அரிசி போடாதீங்க, எதுவும் ஊத்தாதீங்க. பாஸ்டர் ஜெபம் பண்ணட்டும், போதும்." நான் தலையாட்டினேன். நைனா எழுந்துபோய் உள்ளறைப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

அவன் போன அன்று பாஸ்டரைப் பங்காளிகள் தெருவிலேயே நிறுத்திவிட்டார்கள். வாய்க்கரிசிக்கு வரிசை கட்டினார்கள். தடுக்கப்போன என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நைனா அரிசியைத் தொடவில்லை. உள்ளறையைத் திறந்து குடத்தைத் தூக்கிவந்தார். டம்ளர் நிறைய மொண்டு சேகர் வாயில் ஊற்றினார்.

"குடிடா ராஜா. இனிமே இன்னா பண்ணிடும்? குடி."

கடைவாயில் வழிந்து பாய் நனைந்தது. மறுபடி மொண்டார். தெருவில் பாஸ்டர் ஜெபம் பண்ணுவது கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது உள்ளறைக்குப் பூட்டு இல்லை. யாரும் எவ்வளவும் குடிக்கலாம். நைனா மட்டும் அரை லிட்டரைத் தாண்டுவதில்லை.